ஃபைல்சிஸ்டம் நிரலுக்கு ஸ்மேட்ச்: வாங்கத் தகுந்த தொல்லைதான்

பினாங்கின் பாயான் லெப்பாஸில் கேமரா, ஸ்டோரேஜ் பெட்டி, ரவுட்டர் என்று ஏதாவது ஒன்றுக்கு லினக்ஸ் கெர்னல் பராமரிக்கும் குழுக்களில் நம்மவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். சிப் கொடுத்த நிறுவனத்தின் பழைய கெர்னல், அதன் மேல் ஐந்நூறு சொந்த பேட்ச் (நிரல் திருத்தம்), அதில் பத்திருபது எக்ஸ்ட்4 ஃபைல்சிஸ்டத்தைத் தொட்டிருக்கும். அந்தப் பகுதியைச் சோதிக்க எந்த ஸ்டேட்டிக் அனாலிசிஸ் கருவி, அதாவது நிரலை ஓட்டாமல் படித்தே பிழை தேடும் கருவி, என்று கேட்டால், இலவசமாகக் கிடைப்பவற்றில் ஸ்மேட்ச்தான். காசு கொடுத்து வாங்கியதை வைத்திருந்தாலும் கூடவே இதையும் ஓட்டலாம். ஆனால் நிறுவிய அன்றே கிடைக்கும் முதல் பட்டியலைப் பார்த்து முடிவு செய்பவர்கள், சத்தம் அதிகம் என்று சொல்லி மூடிவைத்துவிடுவார்கள். முதல் பட்டியல் அப்படித்தான் இருக்கும்.

ஸ்மேட்ச்சை எழுதிப் பராமரிப்பவர் டான் கார்ப்பென்டர். லினஸ் டோர்வால்ட்ஸ் 2003-இல் தொடங்கிய ஸ்பார்ஸ் என்னும் கருவியின் பாகுபடுத்தியை அடித்தளமாக வைத்து அதன் மேல் கட்டியது. ஸ்பார்ஸ் பெரும்பாலும் மாறிகளின் வகைகளைத்தான் பார்க்கும். ஸ்மேட்ச் ஒவ்வொரு கிளையிலும் ஒரு மாறி என்ன மதிப்பில் இருக்கலாம், எந்த லாக் (பூட்டு) பிடித்திருக்கிறது, எந்த பாயிண்டர் நல்லாக (NULL, எதையும் சுட்டாததாக) இருக்கக்கூடும் என்று பின்தொடர்ந்து போகும். பொது மரத்துக்கு, அதாவது எல்லோருக்கும் பொதுவான கெர்னல் மூலநிரலுக்கு, இன்டெல்லின் கெர்னல் டெஸ்ட் ரோபோ இதை ஓட்டி மின்னஞ்சலில் புகார் அனுப்பிவிடுகிறது. உங்கள் அலுவலகச் சர்வரில் இருக்கும் மரத்தை அது பார்க்காது. அங்கே நீங்களேதான் ஓட்ட வேண்டும்.

நிறுவுவது எளிது. டெபியன், உபுண்டு வகை என்றால் ஜிசிசி, மேக், எஸ்கியூலைட்3, அதன் டெவலப்மென்ட் தொகுப்பு, ஓப்பன்எஸ்எஸ்எல் டெவலப்மென்ட் தொகுப்பு, பெர்லுக்கான எஸ்கியூலைட் இணைப்பு, பெர்லின் ட்ரை-டைனி ஆகியவை போதும். கிட் களஞ்சியத்திலிருந்து இறக்கி மேக் அடித்தால் ஆயிற்று. விநியோகத்தில் வரும் பழைய ஸ்பார்ஸ் தொகுப்பையோ ஸ்மேட்ச் தொகுப்பையோ நம்ப வேண்டாம். புதிய கெர்னலின் புதிய அட்ரிபியூட் ஒன்றைப் படிக்கத் தெரியாமல் முதல் ஹெடரிலேயே நூறு பிழை கொட்டும். அதைப் பார்த்துவிட்டு கெர்னலில்தான் கோளாறு என்று நினைப்பவர்கள் உண்டு.

இனி டேட்டாபேஸ். ஸ்மேட்ச்சை மற்றவற்றிலிருந்து பிரிப்பது இதுதான், பலர் தாண்டிப் போவதும் இதைத்தான். ஸ்மேட்ச் அடைவிலிருக்கும் பில்ட்-கெர்னல்-டேட்டா ஸ்கிரிப்டை கெர்னல் மரத்தின் வேரில் நின்று ஓட்டினால், ஒவ்வொரு ஃபங்ஷனும் என்ன அளபுருக்களுடன் அழைக்கப்படுகிறது, என்ன மதிப்புகளைத் திருப்புகிறது என்பதை எஸ்கியூலைட்டில் எழுதி வைக்கும். ஒரு தடவை ஓட்டினால் அறிவு ஒரு அழைப்புப் படிதான் கடக்கும். மறுபடி ஓட்டினால் இன்னொரு படி. எல்லா ஃபைல்சிஸ்டத்துக்கும் மேலே இருக்கும் பொது அடுக்கான விஎஃப்எஸ்ஸில் தொடங்கி எக்ஸ்ட்4-இன் அடிவரை நாலைந்து படி இறங்க வேண்டியிருப்பதால், ஒரே ஓட்டத்தோடு நிறுத்தினால் பாதிதான் பயன். முழு மரத்துக்கும் ஒரு சாதாரண அலுவலகக் கணினி ஒரு இரவு எடுத்துக்கொள்ளும். வெள்ளிக்கிழமை கிளம்பும்போது ஐந்து சுற்றுக்கு லூப் போட்டு விட்டுவிட்டுப் போவது நல்லது. தைப்பூசம் போல நீண்ட வார இறுதி கிடைத்தால் இன்னும் வசதி. கோப்பு பல ஜிகாபைட் ஆகும். எஸ்எஸ்டியில் வையுங்கள், நெட்வொர்க் பகிர்வில் எஸ்கியூலைட் எழுதுவது நரகம்.

டேட்டாபேஸ் தயாரானதும் கே-செக்கர் ஸ்கிரிப்டுக்கு ஒற்றைக் கோப்பின் பெயரைக் கொடுத்து ஓட்டலாம். எக்ஸ்ட்4-இன் நேம்ஐ (namei.c) கோப்பு ஒன்றுக்கு மட்டும் என்றால் தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிடும். முழு மரத்துக்கும் டெஸ்ட்-கெர்னல் ஸ்கிரிப்ட். அதன் விளைவு ஒரே உரைக் கோப்பில் விழும். ஒரு ஃபங்ஷன் எந்தெந்த மதிப்புகளைத் திருப்புகிறது என்று ஸ்மேட்ச் நினைக்கிறது என்பதைப் பார்க்க எஸ்எம்டிபி என்ற பைத்தான் ஸ்கிரிப்டில் ரிட்டர்ன்-ஸ்டேட்ஸ் கட்டளை இருக்கிறது. எச்சரிக்கை பொய்யா மெய்யா என்று தடுமாறும்போது முதலில் பார்க்க வேண்டிய இடம் அது.

இன்னொன்று, கன்ஃபிக், அதாவது கெர்னலில் எந்தெந்தப் பகுதியைச் சேர்ப்பது என்ற தேர்வு. ஸ்மேட்ச் கம்பைல் ஆகும் வரிகளை மட்டுமே பார்க்கும். கோட்டா, என்கிரிப்ஷன், வெரிட்டி, எக்ஸ்எஃப்எஸ் ஃபைல்சிஸ்டத்தின் ஆன்லைன் ஸ்க்ரப் இவற்றை அணைத்து வைத்திருந்தால் அந்தப் பகுதிகளில் பிழையே இல்லை என்பதுபோல் அமைதியாக இருக்கும். முடிந்த எல்லாவற்றையும் மாட்யூலாகச் சேர்க்கும் ஆல்-மாட்-கன்ஃபிக் போட்டு ஒரு ஓட்டம், உங்கள் போர்டின் சொந்தக் கன்ஃபிக்கில் ஒன்று, 32-பிட் கட்டமைப்பில் மூன்றாவது. 32-பிட் சோதனைக்காக கிள்ளான் பள்ளத்தாக்குக்காரர்கள் லோயாட் பிளாசாவில் பழைய போர்டு தேடி அலைய வேண்டியதில்லை. பகுப்பாய்வுக்குக் கிராஸ்-கம்பைலர் போதும், ஓட்டிப் பார்க்க கியூஎமு எமுலேட்டர் போதும்.

எச்சரிக்கைகளில் ஃபைல்சிஸ்டம்காரர்களுக்கு மிக அதிகமாகப் பயன்படுவது, பிடிஆர்-எர் (PTR_ERR, பாயிண்டருக்குள் இருக்கும் பிழை எண்ணை எடுத்துத் தருவது) ஃபங்ஷனுக்குப் பூஜ்யம் போகிறது என்னும் எச்சரிக்கை. கெர்னலில் பிழை எண்ணை பாயிண்டருக்குள்ளேயே வைத்து அனுப்பும் பழக்கம் உண்டு. முகவரி வெளியின் உச்சியில் உள்ள கடைசி 4095 மதிப்புகள் பிழைகளுக்கு ஒதுக்கப்பட்டவை. நல் என்பது அந்த வரம்புக்குள் வராது. எக்ஸ்ட்4-இல் ஒரு தருக்கத் தொகுதியை (லாஜிக்கல் பிளாக்) படிக்கும் ப்ரெட் (ext4_bread) ஃபங்ஷன் மூன்று விதமாகத் திரும்பும். பஃபர் கிடைத்தால் அதன் பாயிண்டர், படிப்பதில் பிழை என்றால் பிழை பாயிண்டர், அந்த இடத்தில் தொகுதியே ஒதுக்கப்படாமல் ஓட்டையாக இருந்தால் நல். மூன்றாவதை மறந்துவிட்டு, 'பிழையோ நல்லோ என்றால் பிடிஆர்-எர்ரைத் திருப்பு' என்று ஒரே வரியில் எழுதுபவர்கள் ஏராளம். நல்லின் பிடிஆர்-எர் பூஜ்யம். பூஜ்யம் என்றால் வெற்றி. அதாவது, ஓட்டை விழுந்த டைரக்டரியைப் படித்துவிட்டு எல்லாம் சரியாக நடந்தது என்று மேலே சொல்லும். பயனருக்குத் தெரிவது, சில கோப்புகள் காணவில்லை என்பது மட்டும். கெர்னல் செய்திப் பதிவில் ஒரு வரி இருக்காது.

இதைச் சரிசெய்வதில் நடக்கும் தவறு இரண்டு. ஒன்று, நல்லுக்கு மெமரி இல்லை என்ற பிழையை, அதாவது 12-ஐ, திருப்புவது. எச்சரிக்கை போய்விடும், ஆனால் டிஸ்க் கெட்டிருப்பதை மெமரிப் பற்றாக்குறை என்று சொல்லி, அடுத்து வருபவரை வேறு திசையில் அனுப்பிவிடும். இரண்டாவது, எல்லா இடத்திலும் நல்லைப் பிழையாக்குவது. வழக்கமான கோப்பில் ஓட்டை சட்டப்படியானது, அங்கே பூஜ்யங்களைக் கொடுக்க வேண்டும். டைரக்டரியில் ஓட்டை இருக்கக் கூடாது, அங்கேதான் ஃபைல்சிஸ்டம் கெட்டுவிட்டது என்ற பிழை, எண் 117. எக்ஸ்ட்4-இலேயே டைரக்டரித் தொகுதி படிப்பதற்கென்று இருக்கும் ரீட்-டிர்பிளாக் இந்த வேலையைச் சரியாகச் செய்து, டைரக்டரியில் ஓட்டை என்று செய்திப் பதிவிலும் எழுதுகிறது. புதிதாக எழுதாமல் அதை அழைப்பதே சரியான பேட்ச்.

சரிசெய்தது வேலை செய்கிறதா என்று பார்க்காமல் அனுப்பக் கூடாது. இதற்கு ஒரு சின்ன வழி. ட்ரங்கேட் கட்டளையால் 64 மெகாபைட் கோப்பு ஒன்றை உருவாக்கி, தொகுதி அளவு 4096 என்று குறிப்பிட்டே எம்கேஎஃப்எஸ் போட்டு எக்ஸ்ட்4 ஆக்குங்கள். சொல்லாவிட்டால் சிறிய இமேஜுக்கு 1024 எடுத்துக்கொள்ளலாம். லூப்பில் மவுண்ட் செய்து ஒரு டைரக்டரிக்குள் 255 எழுத்து நீளப் பெயருடன் நூறு வெற்றுக் கோப்புகள். அப்படியொரு பதிவுக்கு 264 பைட், ஆக ஒரு தொகுதியில் பதினைந்துதான் அடங்கும், டைரக்டரி பல தொகுதிக்கு விரியும். அன்மவுண்ட் செய்து, எக்ஸ்ட்4-ஐ நேரடியாகத் திருத்த உதவும் டிபக்எஃப்எஸ்ஸை எழுதும் முறையில் திறந்து, பஞ்ச் கட்டளையால் அந்த டைரக்டரியின் தொகுதி 1-ஐ மட்டும் நீக்குங்கள். பூஜ்யமாவது தொகுதி ஹாஷ் மரத்தின் வேர், அதைத் தொட்டால் வேறு பிழை வரும். மறுபடி மவுண்ட் செய்து எல்எஸ். சரியான நிரல் என்றால் 'ஸ்ட்ரக்சர் நீட்ஸ் க்ளீனிங்' என்று எல்எஸ் புலம்பும், கெர்னல் செய்திகளைக் காட்டும் டிமெசெக்கில் (dmesg) ஓட்டை பற்றிய வரி இருக்கும். தவறான நிரல் என்றால் மிச்சக் கோப்புகளை மட்டும் காட்டிவிட்டுச் சும்மா இருக்கும். எக்ஸ்எஃப்எஸ்ஸுக்கு இதே வேலையை எக்ஸ்எஃப்எஸ்-டிபியின் எக்ஸ்பர்ட் முறையில் செய்யலாம்.

இதன் அண்ணன்தம்பி எச்சரிக்கையான எர்-பிடிஆருக்குப் (ERR_PTR, பிழை எண்ணைப் பாயிண்டராக்குவது) பூஜ்யம் என்பது மட்டும் பெரும்பாலும் பொய். பெயரைத் தேடும் லுக்அப் ஃபங்ஷன் நல்லைத் திருப்பினால், கொடுத்த டென்ட்ரியையே (ஒரு பெயருக்கான கெர்னல் பதிவு) பயன்படுத்திக்கொள் என்று பொருள். அங்கே பூஜ்யம் வருவது வேண்டுமென்றே. ஆகவே எச்சரிக்கையின் பெயரை வைத்து மொத்தமாகத் திருத்தாதீர்கள், எந்த ஃபங்ஷன் என்று பாருங்கள்.

'பிழை எண் விடுபட்டது' என்ற எச்சரிக்கை வந்தால் தயங்காமல் திறக்கலாம், விகிதம் நல்லது. ஒதுக்கீடு தோற்று அவுட் லேபிளுக்குக் கோட்டூ போகிறது, ஆனால் ரெட் மாறியில் முந்தைய அழைப்பு விட்டுப்போன பூஜ்யம் அப்படியே இருக்கிறது. மவுண்ட் செய்யும்போது ஓடும் ஃபில்-சூப்பருக்குள் இது நடந்தால் மோசம். வேர் டென்ட்ரி இல்லாத சூப்பர்பிளாக்குடன் மவுண்ட் வெற்றி என்று மேலே போகும், விஎஃப்எஸ் அடுக்கு பக் (BUG) செய்தி போட்டு நிற்கும்.

துவக்கப்படாத மாறி எச்சரிக்கைக்கு, அறிவித்த இடத்திலேயே பூஜ்யம் போட்டு முடிப்பதுதான் உலகத்தில் மிகச் சுலபமான, மிகக் கெட்ட திருத்தம். ஒரு தடவைகூடச் சுற்றாமல் லூப் முடிந்தால் என்ன திருப்ப வேண்டும் என்பதுதான் கேள்வி. வெற்று டைரக்டரி என்றால் பூஜ்யம் சரி. டிஸ்க்கில் எழுதியிருந்த எண்ணிக்கை பூஜ்யமாக இருக்கவே கூடாது என்றால் 117. ஸ்டாக்கைப் பூஜ்யத்தால் நிரப்பும் கன்ஃபிக் போட்ட போர்டுகளில் இந்தப் பிழை குப்பை மதிப்பாகக்கூட வெளிப்படாது, நேராகப் போலி வெற்றியாகிவிடும். ஜிசிசியின் மேபி-அன்இனிஷியலைஸ்டு எச்சரிக்கையை 2020-இல் கெர்னல் இயல்பாக அணைத்துவிட்டது. ஆகவே இந்த வகையில் ஸ்மேட்ச்தான் காவல். அழைக்கும் ஃபங்ஷனிலேயே நீளம் பூஜ்யத்துக்கு மேல் என்று ஏற்கெனவே சோதித்திருந்தால், டேட்டாபேஸ் ஐந்து சுற்று ஓடிய பிறகு எச்சரிக்கை தானாக மறையும். மறைந்ததைத் திருத்த வேண்டாம்.

டீரெஃபரன்ஸ் செய்த பிறகு, அதாவது பாயிண்டர் சுட்டும் இடத்தைத் தொட்ட பிறகு, நல் சோதனை என்ற எச்சரிக்கைதான் எண்ணிக்கையில் அதிகம், பலனில் குறைவு. ஃபைல்சிஸ்டத்தில் பெரும்பாலும் அந்தச் சோதனையே தேவையற்றது. ஐநோடு (ஒரு கோப்பின் விவரப் பதிவு) நல்லாக வராது என்று விஎஃப்எஸ் உறுதி கொடுத்திருக்கும். அப்படியானால் சோதனையை நீக்கி, சுத்தம் செய்தது என்று எழுதுங்கள். நல் டீரெஃபரன்ஸைச் சரிசெய்தேன் என்று எழுதி பிழை எந்த மாற்றத்தில் நுழைந்தது என்று காட்டும் ஃபிக்ஸஸ் டேக்கும் போட்டால், வேறு வினை வரும். 2024 பிப்ரவரியிலிருந்து கெர்னல் குழுவே சிவிஇ எண்களை (பாதுகாப்புக் குறைகளுக்கான அடையாள எண்கள்) வழங்குகிறது, அப்படிப்பட்ட விவரணை ஒரு சிவிஇ ஆகிவிடக்கூடும். பிறகு உங்கள் வாடிக்கையாளரின் பாதுகாப்புப் பிரிவே அதற்கு உங்களிடம் பதில் கேட்கும்.

லாக் விஷயத்தில், சில பாதையில் விடுவித்து சில பாதையில் விடாமல் திரும்புகிறது என்று ஸ்மேட்ச் சொன்னால் எக்ஸ்ட்4-இலும் பிடிஆர்எஃப்எஸ்ஸிலும் நம்பலாம். விட்டுப்போன ஐநோடு லாக் ஒன்றுக்குப் போர்டில் கிடைக்கும் அறிகுறி: அடுத்து அந்த டைரக்டரியைத் தொட்டவர் டி நிலையில் (எழுப்ப முடியாத உறக்கத்தில்) உறைவார், இயல்பான அமைப்பில் 120 வினாடி கழித்து ஹங்-டாஸ்க் செய்தி வரும். எக்ஸ்எஃப்எஸ்ஸில் எந்த லாக் என்பதை மாறியில் வைத்து அனுப்புவதால் பொய் எச்சரிக்கை கொஞ்சம் அதிகம். திருத்தும்போது லாக்கைத் தானாகவே விடுவிக்கும் புதிய கார்டு மேக்ரோவைப் பயன்படுத்த ஆசை வரும். அது கெர்னல் 6.5-இல் வந்தது, உங்கள் பழைய 5.10 மரத்தில் இல்லாமல் போகலாம். இருந்தாலும் கோட்டூ லேபிள்கள் நிறைந்த ஃபங்ஷனில் பாதியை மட்டும் கார்டாக மாற்றுவது, இருந்ததைவிடப் பெரிய குழப்பம்.

தனியாகக் கவனிக்க வேண்டியது, அகலப்படுத்துவதற்கு முன் வழியும் எண்கள், அதாவது 64 பிட்டுக்கு மாற்றும் முன்பே 32 பிட்டில் அடங்காமல் போவது. எக்ஸ்ட்4-இன் தருக்கத் தொகுதி எண் 32-பிட். தொகுதி 1048576-ஐ 12 பிட் இடப்பக்கம் தள்ளினால் 4294967296 வர வேண்டும், 32 பிட்டில் வருவது பூஜ்யம். 4 ஜிபி தாண்டிய இடத்தில் எழுத வேண்டியது கோப்பின் தலையில் போய் எழுதும். சிறிய கோப்புகளை மட்டும் வைத்து ஓடும் எந்தச் சோதனையும் இதைப் பிடிக்காது. ஸ்மேட்ச் இதற்கு 64-பிட் வகையாக இருக்க வேண்டுமா என்று கேட்கும். காசு கொடுத்து வாங்கும் கவரிட்டியும் இதை நன்றாகப் பிடிக்கிறது. திருத்தும்போது 64-பிட்டாக மாற்றும் லோஃப்-டி காஸ்ட்டைத் தள்ளுவதற்கு முன், மாறியின் மேலேயே போடுங்கள். அடைப்புக்குறிக்கு வெளியே போட்டால் வழிந்த பிறகு அகலப்படுத்தியதாகத்தான் ஆகும், எச்சரிக்கை மட்டும் வாயை மூடும். 32-பிட் போர்டில் பேஜ் இண்டெக்ஸுக்கும் இதே கதை. அங்கே கையால் தள்ளாமல் ஃபோலியோ-பாஸ் போன்ற உதவி ஃபங்ஷனை அழையுங்கள்.

நடக்கவே முடியாத நிபந்தனை என்று ஸ்மேட்ச் காட்டும் வரியை அழித்துவிட்டுப் போகும் முன் சிவிஇ 2009-4307-ஐ நினைவில் வையுங்கள். எக்ஸ்ட்4-இல் டிஸ்க்கிலிருந்து படித்த ஒரு எண்ணால் 1-ஐத் தள்ளி, விளைவு பூஜ்யமா என்று சோதித்து, பூஜ்யத்தால் வகுப்பதைத் தடுத்ததாக நினைத்தார்கள். 36 தடவை தள்ளினால் பவர்பிசியில் பூஜ்யம் வரும், எக்ஸ்86-இல் 5 பிட் மட்டும் எடுத்துக்கொண்டு 16 வரும். அந்தச் சோதனை ஒருபோதும் உண்மையாகாது என்று கம்பைலர் நீக்கிவிடவும் செய்யலாம். தள்ளுவதற்கு முன்பே எண் 1 முதல் 31 வரைக்குள் இருக்கிறதா என்று சோதித்த சரியான திருத்தம் 2012-இல்தான் வந்தது, அதற்கு இன்னொரு சிவிஇ எண். நடக்க முடியாத நிபந்தனை எழுதியவர் எதையோ தடுக்க நினைத்திருக்கிறார். எதை என்று கண்டுபிடித்த பிறகு அழிக்கலாம்.

மற்ற கருவிகள் பற்றிச் சுருக்கமாக. ஸ்பார்ஸை மேக்கில் சி=2 என்று கொடுத்து கண்டிப்பாக ஓட்டுங்கள், குறிப்பாக எக்ஸ்ட்4-க்கு. அதன் டிஸ்க் வடிவம் லிட்டில்-எண்டியன் (எண்ணின் சிறிய பைட் முதலில் வரும் வரிசை), நம் போர்டுகளும் பெரும்பாலும் லிட்டில்-எண்டியன். எண்டியன் மாற்றத்தை மறந்தாலும் எல்லாம் ஓடும், ஸ்பார்ஸ் மட்டும்தான் சொல்லும். எக்ஸ்எஃப்எஸ் பிக்-எண்டியன் ஆதலால் மறந்த அன்றே உடைந்துவிடும். வகையைக் கட்டாயமாக மாற்றும் ஃபோர்ஸ் காஸ்ட் போட்டு ஸ்பார்ஸை அடக்கியிருக்கும் பேட்ச் வந்தால் ரிவ்யூவில் திருப்பி அனுப்புங்கள். காக்ஸினெல்லின் பலம் தேடுவதைவிட, ஒரே மாதிரித் தவறை நூறு இடத்தில் மாற்றுவதுதான். அதற்கு ஈடில்லை. கவரிட்டியின் இலவச ஸ்கேன் சேவை திறந்த மூலத் திட்டங்களுக்கு மட்டும், அலுவலக மரத்துக்கு உரிமம் வாங்க வேண்டும். கிளாங் அனலைசர் மேக் இலக்காகவே இருக்கிறது, மெதுவானது, ஃபைல்சிஸ்டத்தில் ஸ்மேட்ச் சொல்லாததை அபூர்வமாகத்தான் சொல்லும். ஜிசிசியின் சொந்தப் பகுப்பாய்வான ஃபனலைசரை (-fanalyzer) இன்னும் கொஞ்ச காலம் விட்டுப்பிடிக்கலாம்.

திருத்தம் பொது மரத்திலும் பொருந்தும் என்றால் மேலே அனுப்புங்கள், ஐந்நூறு பேட்ச் 499 ஆகும். ஒரு ஃபைல்சிஸ்டத்துக்கு ஒரு பேட்ச், ஒரு வகைத் தவறுக்கு ஒரு பேட்ச். எஃப்எஸ் அடைவு முழுவதையும் ஒரே அஞ்சலில் அள்ளிப் போட்டால் யாரும் எடுக்க மாட்டார்கள். உள்தள்ளல் சரியில்லை என்ற எச்சரிக்கைக்கென்று தனி பேட்ச் வேண்டாம். பழைய ஃபைல்சிஸ்டமான ரைசர்எஃப்எஸ் கெர்னல் 6.13-இலேயே நீக்கப்பட்டுவிட்டது, அதன் எச்சரிக்கைகளை எண்ணிக்கொண்டிருக்காமல் கன்ஃபிக்கில் அணையுங்கள். ரோபோ புகார் சொன்னது என்றால் ரிப்போர்ட்டட்-பை, க்ளோசஸ் இரண்டு டேக்கும், உண்மையான பிழைக்கு மட்டும் 12 எழுத்து ஹாஷுடன் ஃபிக்ஸஸ். அனுப்பும் முன் ஃபைல்சிஸ்டம் சோதனைத் தொகுப்பான எக்ஸ்எஃப்எஸ்டெஸ்ட்ஸில் குயிக் குழு ஓடட்டும், மெமரி ஒதுக்கீட்டுப் பாதை என்றால் ஒதுக்கீட்டை வேண்டுமென்றே தோற்க வைக்கும் ஃபெயில்ஸ்லாப் இயக்கிய கெர்னலில் இன்னொரு தடவை. ஆர்சி, அதாவது கெர்னலின் முன்னோட்ட, வெளியீடு பெரும்பாலும் அமெரிக்க ஞாயிறு, நமக்குத் திங்கள் காலை. அதன் மேல் ரீபேஸ் செய்து அன்றே அனுப்பினால், ஐரோப்பாவில் இருக்கும் பராமரிப்பாளர்கள் மேசைக்கு வரும்போது நமக்குப் பிற்பகல்தான். கேள்வி கேட்டால் அலுவலகம் விட்டுக் கிளம்பும் முன் பதில் போட்டுவிடலாம். அடுத்த பதிப்புக்கான மாற்றங்களைச் சேர்க்கும் மெர்ஜ் விண்டோவின் இரண்டு வாரம் மட்டும் அனுப்பாதீர்கள், பார்க்க ஆளிருக்காது.